எழுதி முடிக்காத நாவலுக்குக் கடன் கொடுத்தவர்: யார் இந்த ஜே.பி. பிங்கர்?

1910 ஜனவரி 27. எழுத்தாளர் ஜோசப் கான்ராட் ஒரு நாவலை முடித்த கையோடு லண்டனுக்குப் போய்த் தன் ஏஜென்ட்டைச் சந்தித்தார். இரண்டு வருடங்களுக்கு மேல் இழுத்துக்கொண்டே போன நாவல் அது. சந்தோஷமாக முடிந்திருக்க வேண்டிய அந்தச் சந்திப்பு பெரிய சண்டையில் முடிந்தது. வீடு திரும்பிய கான்ராட் அடுத்த சில நாட்களில் படுத்த படுக்கையானார். காய்ச்சல் வேகத்தில் தாய்மொழியான போலிஷில் பிதற்றினார். நாவலின் கதாபாத்திரங்களோடு நேரில் பேசுவதுபோலப் பேசினார். படுக்கையின் காலடியில் ஒரு மேஜை மீது கிடந்த அந்த நாவல் பிரதியை மனைவி ஜெஸ்ஸிகூடத் தொட அவர் விடவில்லை.

சண்டைக்குக் காரணம் பணம். கான்ராட் அந்த ஏஜென்ட்டுக்குத் தர வேண்டிய கடன் அப்போது 2,000 பவுண்டைத் தாண்டியிருந்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் அரசு கான்ராடுக்கு ஒரு பென்ஷன் வழங்கியது. வருடத்துக்கு 100 பவுண்டு. அந்த பென்ஷனை அப்படியே கொடுத்தாலும் கடன் அடைய 20 வருடங்களுக்கு மேல் ஆகும்.

அவ்வளவு கடன் கொடுத்தவர் பெயர் ஜேம்ஸ் பிராண்ட் பிங்கர். புத்தகம் எழுதியவர் இல்லை, பதிப்பகம் நடத்தியவரும் இல்லை. ஆனால் ஹென்றி ஜேம்ஸ், ஆர்னால்ட் பென்னட், எச்.ஜி. வெல்ஸ், டி.எச். லாரன்ஸ், ஜேம்ஸ் ஜாய்ஸ் என்று 20-ம் நூற்றாண்டு ஆங்கில இலக்கியத்தின் பெரிய பெயர்கள் பலவும் அவர் அலுவலகத்தின் கணக்குப் புத்தகத்தில் இருந்தன.

லிட்டரரி ஏஜென்ட் என்றால் யார்?

சினிமா நடிகருக்கு மேனேஜர் இருப்பதுபோல, எழுத்தாளருக்கு லிட்டரரி ஏஜென்ட். தமிழில் இலக்கிய முகவர் என்று சொல்லலாம். எழுத்தாளரின் பிரதியைப் படித்து, எந்தப் பதிப்பகத்துக்குப் பொருந்தும் என்று பார்த்து, விலை பேசி, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் சரிபார்ப்பது இவர் வேலை. புத்தகம் வந்த பிறகு பதிப்பாளரிடமிருந்து பணத்தை வாங்கி, தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை எழுத்தாளருக்கு அனுப்புவார். ஹாரி பாட்டர் முதல் நாவலைப் பதிப்பகங்களிடம் கொண்டுபோனவரும் கிறிஸ்டோபர் லிட்டில் என்ற ஏஜென்ட்தான்.

பிரிட்டனில் இந்தத் தொழிலை ஒரு தொழிலாகவே நிலைநிறுத்தியவர் ஏ.பி. வாட். கிளாஸ்கோவில் பிறந்தவர். 1870-களில் நண்பரான எழுத்தாளர் ஜார்ஜ் மெக்டொனால்டின் கதைகளை விற்றுக்கொடுக்கத் தொடங்கி, பிறகு அதையே முழுநேர வேலையாக்கினார். அவர் வைத்த 10 சதவீதக் கமிஷன்தான் பல பத்தாண்டுகளுக்குத் தொழிலின் வழக்கமாக இருந்தது. பிங்கர் அவருக்கு அடுத்த தலைமுறை.

அதுவரை எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள்?

பெரும்பாலும் ஏமாந்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக வரும் ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ நாவலை 1886-ல் ஆர்தர் கோனன் டாயில் மொத்த உரிமையோடு 25 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அந்தப் புத்தகத்திலிருந்து அவருக்குப் பைசா வரவில்லை. கான்ராட் கதையும் இதேதான். 1895-ல் வந்த முதல் நாவலான ‘ஆல்மேயர்ஸ் ஃபாலி’யை 20 பவுண்டுக்குக் கொடுத்தார். மும்பையில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங், ரயில் நிலையக் கடைகளில் சக்கைப்போடு போட்ட தன் ஆறு கதைத் தொகுப்புகளை 200 பவுண்டுக்கும் சொற்ப ராயல்டிக்கும் விற்றுவிட்டு இங்கிலாந்து போனார்.

புதிதாக எழுத வருபவருக்குப் பேரம் பேசத் தெரியாது என்பது மட்டும் காரணமில்லை. ஒரு கதைக்குள் எத்தனை விதமான உரிமைகள் இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில்தான் அந்த உரிமைகள் பெருகிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடங்கள் பெருகி, படிக்கத் தெரிந்தவர்கள் கூடினார்கள். அவர்களுக்காக ‘தி ஸ்ட்ராண்ட்’ போன்ற மாதப் பத்திரிகைகள் வந்தன. அவற்றுக்குச் சிறுகதையும் தொடர்கதையும் ஓயாமல் தேவைப்பட்டன. 1891-ல் அமெரிக்கா புதிய காப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை பிரிட்டிஷ் புத்தகங்களை அமெரிக்கப் பதிப்பாளர்கள் இஷ்டத்துக்கு அச்சடித்து விற்கலாம், யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. புதிய சட்டம் வந்த பிறகு, அமெரிக்காவிலும் அதே நேரத்தில் அச்சிட்டு வெளியிட்டால் உரிமை கிடைக்கும் என்றானது. அதாவது, லண்டனிலும் நியூயார்க்கிலும் தேதி தவறாமல் ஒருங்கிணைக்க ஓர் ஆள் வேண்டும். கதை எழுதுபவர் உட்கார்ந்து செய்கிற வேலையா அது?

துறைமுக குமாஸ்தா ஏஜென்ட் ஆன கதை

பிங்கர் 1863-ல் பிறந்தார். பெரிய படிப்பு கிடையாது. டில்பரி துறைமுகத்தில் குமாஸ்தாவாக வேலையைத் தொடங்கினார். பிறகு இன்று இஸ்தான்புல் என்று அழைக்கப்படும் கான்ஸ்டான்டினோபிளுக்குப் போய், ‘லெவன்ட் ஹெரால்ட்’ என்ற பத்திரிகையில் வேலை பார்த்தார். 1890-களின் தொடக்கத்தில் லண்டன் திரும்பி, ‘பிளாக் அண்ட் ஒயிட்’ என்ற படப் பத்திரிகையில் உதவி ஆசிரியரானார். பதிப்பகத்துக்கு வரும் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையும் செய்தார். ‘பியர்சன்ஸ் மேகசின்’ ஆசிரியராகக் கொஞ்ச நாள் இருந்தார்.

இந்த அனுபவம்தான் அவருடைய முதலீடு. எந்தப் பத்திரிகை எவ்வளவு தரும், எந்த ஆசிரியருக்கு எப்படிப்பட்ட கதை பிடிக்கும், எந்தப் பதிப்பாளர் இழுத்தடிப்பார் என்பதெல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவருக்கு அத்துப்படி. 1896-ல் ஸ்ட்ராண்டை ஒட்டிய அரண்டெல் தெருவில் சொந்த அலுவலகம் திறந்தார்.

வாட் ஏற்கெனவே புகழ்பெற்ற எழுத்தாளர்களைக் கையில் வைத்திருந்தார். பிங்கர் பெரும்பாலும் எதிர்த்திசையில் போனார். இன்னும் பெயர் வராதவர்கள், பெயர் இருந்தும் புத்தகம் விற்காதவர்கள் ஆகியோரைத் தேடிப் பிடித்தார். இளம் எச்.ஜி. வெல்ஸ் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர். 1898-ல் ஹென்றி ஜேம்ஸ் வந்தார். விமர்சகர்கள் கொண்டாடினாலும் விற்பனை சுமார்தான் என்ற நிலையில் இருந்தவர் அவர்.

எல்லோரும் பிங்கரை வரவேற்கவில்லை. எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் நடுவில் புகுந்த ஒட்டுண்ணி என்று ஏஜென்ட்டுகளைக் கடுமையாகச் சாடியவர் பிரபல பதிப்பாளர் வில்லியம் ஹைனமன். கடைசியில் அவரும் பிங்கரோடு உட்கார்ந்து விலை பேச வேண்டி வந்தது.

ஒரே கதை, நான்கு விற்பனை

கான்ராட் பிறப்பால் போலந்துக்காரர். சுமார் 20 வருடங்கள் கப்பலில் வேலை பார்த்தவர். 1884-ல் மெட்ராஸ் துறைமுகத்தில் ஒரு கப்பல் வேலையிலிருந்து விலகி இறங்கி, பம்பாய் போய் ‘நார்சிசஸ்’ என்ற கப்பலில் ஏறியவர். ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது மொழி. அந்த மொழியில்தான் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்’ எழுதினார். ‘அபோகாலிப்ஸ் நவ்’ படத்துக்கு அடிப்படை அந்தக் கதைதான்.

1899-ல் பிங்கர் முதலில் அணுகியபோது கான்ராட் மறுத்துவிட்டார். தான் எழுதும் முறை எந்த வியாபாரத்துக்கும் ஒத்துவராது என்பது அவர் சொன்ன காரணம். அது பணிவுக்காகச் சொன்னதில்லை, உண்மை. 1896-ல் தொடங்கிய ‘தி ரெஸ்க்யூ’ நாவல் புத்தகமாக வந்தது 1920-ல்!

1900-ல் அவர் மனம் மாறினார். பிங்கர் அவருக்காகக் கையாண்ட ஆரம்பகாலக் கதைகளில் ஒன்று ‘டைஃபூன்’. புயலில் சிக்கிய ஒரு நீராவிக் கப்பலின் கதை. 1902-ல் அது லண்டனில் ‘பால் மால் மேகசின்’ இதழில் தொடராக வந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் நியூயார்க்கில் ‘தி கிரிட்டிக்’ இதழிலும் வந்தது. அமெரிக்காவில் அதைப் புத்தகமாக வெளியிட்டது பட்னம் நிறுவனம். 1903-ல் பிரிட்டனில் மற்ற கதைகளோடு சேர்த்துப் புத்தகமாக்கியவர் யார் தெரியுமா? அதே ஹைனமன்.

எழுதியது ஒரு தடவை, விற்றது நான்கு தடவை. இதுதான் ஏஜென்ட்டின் அடிப்படை வேலை. இவை போக, இந்தியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் விற்பதற்கென்றே அச்சிடப்பட்ட காலனிப் பதிப்புகள் தனி. ஐரோப்பாவில் விற்கும் ஆங்கிலப் பதிப்பு தனி. மொழிபெயர்ப்பு தனி, நாடக உரிமை தனி, பிற்பாடு சினிமா உரிமையும் தனி. எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் பதிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிடாமல், ஒவ்வொன்றையும் பிரித்து விற்பதில்தான் 10 சதவீதக் கமிஷனுக்கு நியாயம் இருந்தது.

ஏஜென்ட்டா, வங்கியா?

பிங்கர் இதோடு நிற்கவில்லை. எழுத்தாளருக்குப் பணம் வருவது எப்போதோ ஒரு தடவை. வீட்டு வாடகையும் மளிகைக் கடன் பாக்கியும் மாதாமாதம் வரும். இந்த இடைவெளியைத் தன் பணத்தால் நிரப்பினார் பிங்கர். பிரான்ஸில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஆர்னால்ட் பென்னட்டுக்கு மாதம் 50 பவுண்டு அனுப்பினார். புத்தகங்கள் விற்று வரும்போது கழித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. பென்னட் கடிகாரம் மாதிரி எழுதுபவர். சொன்ன தேதியில் பிரதி வந்துவிடும். 1908-ல் ‘தி ஓல்ட் வைவ்ஸ் டேல்’ வந்த பிறகு அவர் இங்கிலாந்தின் முன்னணி எழுத்தாளராகிவிட்டார்.

கான்ராட் அப்படியில்லை. 1904 தொடக்கத்தில் மனைவி ஜெஸ்ஸிக்கு முழங்காலில் பலத்த அடி. அடுத்த சில வாரங்களில் அவர் கணக்கு வைத்திருந்த வங்கியே திவாலானது. வாதநோய் அவரை அடிக்கடி முடக்கியது. குழந்தைகள், வைத்தியச் செலவு, வாடகை என்று எல்லாவற்றுக்கும் கடிதம் பிங்கருக்குத்தான் போனது. பிங்கர் பணம் அனுப்பினார். கான்ராட் பக்கங்களை அனுப்பினார், அதுவும் எதிர்பார்த்த பக்கங்களை அல்ல. 1907 இறுதியில் ஒரு சிறுகதையாகத் தொடங்கியது, வளர்ந்து வளர்ந்து ‘அண்டர் வெஸ்டர்ன் ஐஸ்’ என்ற முழு நாவலானது. பிங்கர் கேட்டுக்கொண்டிருந்ததோ ‘சான்ஸ்’ என்ற வேறொரு நாவலை.

வெறும் கணக்கு மட்டும் பார்த்தால் இது கையைக் கடிக்கும் வியாபாரம். கான்ராட் வருடத்துக்கு 600 பவுண்டு சம்பாதித்தார் என்று வைத்துக்கொண்டாலும், பிங்கருக்கு வரும் கமிஷன் 60 பவுண்டு. அதற்காக யாராவது 2,000 பவுண்டைக் கடனில் முடக்குவார்களா? முடக்கினார் என்றால், இந்த மனிதர் என்றாவது ஒருநாள் பெரிதாக வருவார் என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

நம்பிக்கைக்கும் எல்லை உண்டு

1909 டிசம்பரில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. நாவல் சீக்கிரம் வந்து சேராவிட்டால் வாரப் பணத்தை நிறுத்திவிடுவதாக பிங்கர் எச்சரித்தார். பிரதியை நெருப்பில் போட்டுவிடுவேன் என்று கான்ராட் நண்பர்களிடம் கொதித்தார். இந்தப் பதற்றத்தோடுதான் ஜனவரிச் சந்திப்பு நடந்தது. கான்ராட் பேசியது ஆங்கிலமாகவே இல்லை என்கிற மாதிரி பிங்கர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். இரண்டு வருடங்களாக ஒவ்வொரு வாக்கியத்தையும் போராடி ஆங்கிலத்தில் எழுதி முடித்த ஒருவரிடம் சொல்லக்கூடாத வார்த்தை. மாதங்கள் கழித்து பிங்கருக்கு எழுதிய கடிதத்தில்கூட கான்ராட் அதை மறக்காமல் குறிப்பிட்டார்.

அதே நேரம் பிங்கர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவருக்கு வேறு எழுத்தாளர்களும் இருந்தார்கள், அவர்களும் பணம் கேட்டார்கள். நண்பனாக இருந்தால் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், கணக்குப் பார்ப்பவனாக இருந்தால் நிறுத்த வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த ஒரு நாளில் வெளிப்பட்டது.

அதன் பிறகு சுமார் இரண்டு வருடங்கள் இருவருக்கும் நேரடிப் பேச்சு இல்லை. ஒரு வழக்கறிஞர் நடுவில் இருந்து விஷயங்களைப் பார்த்துக்கொண்டார். ஆனால் இரண்டு பேருமே முழுசாக விலகவில்லை. கான்ராட் வேறு ஏஜென்ட்டிடம் போய்விடவில்லை. பிங்கர் கடனைக் கேட்டு நீதிமன்றம் போகவில்லை.

பலன் தந்த ‘சான்ஸ்’

அந்த ‘சான்ஸ்’ நாவலை கான்ராட் 1912-ல் முடித்தார். ‘நியூயார்க் ஹெரால்ட்’ அதைத் தொடராக வெளியிட்டது. 1914 ஜனவரியில் புத்தகமாக வந்ததும் இரண்டு நாடுகளிலும் நன்றாக விற்றது. அமெரிக்காவில் டபுள்டே நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்த இளைஞர் ஆல்ஃபிரட் நாஃப், ஓடியாடி விளம்பரம் செய்தார். பிற்காலத்தில் அவரே பெரிய பதிப்பாளரானார். 56 வயதில் கான்ராடுக்கு முதல்முறையாகக் கையில் காசு நின்றது. கடன் அடைந்தது.

இருவரும் மறுபடி நண்பர்களானார்கள். சரே பகுதியில் பிங்கர் வாங்கிய பெரிய வீட்டுக்கு கான்ராட் குடும்பம் போய்வந்தது. 1920-ல் இருவரும் சேர்ந்து கான்ராடின் கதை ஒன்றுக்கு சினிமா திரைக்கதைகூட எழுதினார்கள். 1916-ல் அமெரிக்க வழக்கறிஞர் ஜான் குவின்னுக்கு எழுதிய கடிதத்தில் பிங்கருக்குப் பரிந்து பேசிய கான்ராட், தன் புத்தகங்கள் உருவானதில் தனக்கு இருக்கும் அதே பங்கு பிங்கருக்கும் உண்டு என்று சொன்னார்.

எல்லோருக்கும் பலித்ததா?

இல்லை. ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ எழுதிய அமெரிக்கர் ஸ்டீபன் கிரேன், இங்கிலாந்தில் கடன்காரர்கள் துரத்தத் துரத்த எழுதி, பிங்கரிடம் திரும்பத் திரும்ப முன்பணம் கேட்டார். 1900-ல் காசநோயில் இறந்தபோது அவருக்கு வயது 28. ஹென்றி ஜேம்ஸின் 24 தொகுதிகள் கொண்ட நியூயார்க் பதிப்புக்கு பிங்கர் கஷ்டப்பட்டு ஒப்பந்தம் முடித்துக் கொடுத்தார். விற்பனை ஏமாற்றியது. டி.எச். லாரன்ஸின் ‘தி ரெயின்போ’ ஆபாசம் என்று 1915-ல் நீதிமன்ற உத்தரவால் அழிக்கப்பட்டது. கொஞ்ச வருடங்களில் லாரன்ஸ் கசப்போடு பிங்கரை விட்டுப் போனார். 1915-ல் வந்து சேர்ந்த ஜேம்ஸ் ஜாய்ஸின் முதல் நாவலையும் லண்டன் பதிப்பாளர்கள் ஏற்கவில்லை. அது முதலில் புத்தகமானது 1916-ல், நியூயார்க்கில்.

ஏஜென்ட் கதவைத் தட்டலாம். ரசனையை ஒரே நாளில் மாற்ற முடியாது. தோற்கும் பந்தயங்களுக்கும் சேர்த்துத்தான் பென்னட், கான்ராட் போன்றவர்களின் கமிஷன் ஈடுகட்ட வேண்டியிருந்தது.

மகன்கள் கெடுத்த பெயர்

1922 பிப்ரவரியில் வேலை விஷயமாக நியூயார்க் போயிருந்த பிங்கர், அங்கேயே நோய்வாய்ப்பட்டு இறந்தார். வயது 58. நெருங்கிய நண்பரை இழந்த கான்ராட் உடைந்துபோனார். இரண்டரை வருடங்களில் அவரும் காலமானார்.

நிறுவனம் மகன்கள் எரிக், ரால்ஃப் கைக்கு வந்தது. எரிக் நியூயார்க்கில் அலுவலகம் நடத்தினார். பதிப்பாளர்களிடமிருந்து வரும் பணம் முதலில் ஏஜென்ட் கைக்கு வந்து, பிறகுதான் எழுத்தாளருக்குப் போகும் என்பது நினைவிருக்கிறதா? அந்த இடைவெளியில்தான் எரிக் கைவைத்தார். த்ரில்லர் எழுத்தாளர் ஈ. பிலிப்ஸ் ஓப்பன்ஹைமுக்குச் சேர வேண்டிய பணத்தை எடுத்துக்கொண்ட வழக்கில் 1939-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, புகழ்பெற்ற சிங் சிங் சிறைக்குப் போனார். லண்டனில் இருந்த ரால்ஃபும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதேபோன்ற குற்றத்துக்காகச் சிறை சென்றார். நிறுவனம் மூடப்பட்டது.

அப்பா செய்ததும் மகன்கள் செய்ததும் ஒரே வழியில் ஓடிய பணத்தை வைத்துத்தான். அப்பா தன் பணத்தை எழுத்தாளர்கள் பக்கம் அனுப்பினார். மகன்கள் எழுத்தாளர்களின் பணத்தைத் தங்கள் பக்கம் திருப்பினார்கள்.

இன்று இந்த வேலை எப்படி இருக்கிறது?

பிரிட்டன், அமெரிக்காவில் பெரிய பதிப்பகங்கள் பலவும் இன்று ஏஜென்ட் வழியாக வரும் நாவல்களையே பரிசீலிக்கின்றன. கமிஷன் பொதுவாக 15 சதவீதம். மொழிபெயர்ப்பு உரிமை விற்றால் 20 சதவீதம்வரை போகும். இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் பெரும்பாலும் உதவியாளராகச் சேர்ந்து, குவியும் பிரதிகளைப் படித்துத் தள்ளுவதிலிருந்து தொடங்குகிறார்கள். பிறகு சொந்தமாக எழுத்தாளர்களைச் சேர்க்கிறார்கள். பிரிட்டனில் ஏஜென்ட்டுகளின் சங்கம், எழுத்தாளர்களின் பணத்தை நிறுவனக் கணக்கோடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. அந்த விதி ஏன் தேவை என்பதற்கு எரிக் பிங்கரின் வழக்கே போதும்.

பிங்கர் போலக் கைப்பணம் போட்டு மாதாமாதம் எழுத்தாளர் குடும்பத்தை நடத்தும் ஏஜென்ட்டை இன்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் அவர் காலத்து அடிப்படை விதி ஒன்று மாறவில்லை. எழுத்தாளருக்குக் காசு வந்தால்தான் ஏஜென்ட்டுக்கும் காசு. பிரதியைப் படிக்கவோ பதிப்பகத்துக்கு அனுப்பவோ முதலிலேயே கட்டணம் கேட்பவர், தன்னை ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டாலும், நாவலை நம்பித் தொழில் செய்யவில்லை என்று அர்த்தம். பிங்கர் பத்து வருடங்களுக்கு மேல் காத்திருந்தார், ‘சான்ஸ்’ வரும்வரை.